ஆறாவது புளியங்கொட்டை

மாத்திரை டப்பாவின் மேல் ‘காலை’, ‘ராத்திரி’ என்று எழுதி ஒட்டி வைக்கும் வயதுக்கு வந்துவிட்ட கூட்டாளிகளே, இது உங்களுக்காக எழுதுவது. சின்ன வயசுக்காரர்கள் படித்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். நடுவில் ஒருமுறை நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று நைனா, அதாவது என் அப்பா, இறந்து ஏழாவது வருஷம். விடிந்ததிலிருந்து பிரஷர் மெஷினை மூன்று தடவை கையில் கட்டிப் பார்த்துவிட்டேன். முதல் தடவை அதிகம் காட்டியது. அதைப் பார்த்த பயத்தில் இரண்டாவது தடவை இன்னும் அதிகம். மூன்றாவது தடவை மெஷின் ஒன்றும் காட்டாமல் அணைந்துவிட்டது.

“இன்னாங்க, அதுக்கே மயக்கம் வந்துடுச்சி” என்றாள் என் மனைவி, வாழைக்காய் சீவிக்கொண்டே.

பயம் படையலைப் பற்றியது இல்லை. இன்றைக்கு அம்மாவிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து வயதில் நைனாவிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. அதைச் சொல்ல அவர் எனக்கு முப்பத்தைந்து வருஷம் டைம் கொடுத்தார். நான் அதில் ஒரு நாளைக்கூட உபயோகப்படுத்திக்கொள்ளவில்லை. போன மாதம் அம்மா ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் ஊசி போடும்வரை ஒரு ஜோக்கும், போட்ட பிறகு ஒரு ஜோக்கும் சொன்னேன். வெயில்தான், வேறொன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்தால் சாவியையே போடவில்லை. உதைத்துக்கொண்டே இருந்தேன். அம்மாவும் போய்விட்டால் இதைச் சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது என்று அப்போதுதான் உறைத்தது.

நைனாவுக்குக் கோட்டையில் காவல் வேலை. செஞ்சிக்கு வந்தவர்களுக்குத் தெரியும், ராஜா கோட்டை உச்சிக்குப் போகும் வழியில் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டாமல் மேலே போகவும் முடியாது, கீழே வரவும் முடியாது. நைனா உட்காரும் இடம் அந்தப் பாலத்தின் இந்தப் பக்கம், ஒரு பாறை நிழல். கழுத்தில் விசில், கையில் குரங்கு விரட்டும் குச்சி. சாயங்காலம் விசில் ஊதி எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசி ஆளாக அவர் இறங்க வேண்டும்.

காக்கிச் சட்டைக்கு மார்பில் இரண்டு பைகள். வலது பை நிறையப் புளியங்கொட்டை. ஒரு ஆள் பாலத்தைத் தாண்டி மேலே போனால் ஒரு கொட்டை வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். அந்த ஆள் இறங்கினால் அது திரும்ப வலது பைக்கு வரும். குடும்பமாகப் போனால் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் ஒன்று உண்டு. சாயங்காலம் இடது பை காலியானால்தான் நைனா எழுந்திருப்பார். அப்படி எண்ணச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உச்சியில் இருக்கும் களஞ்சியத்துக்குப் பின்னால் வெயிலில் சுருண்டு கிடந்த ஒரு பெரியவரைப் பார்க்காமல் இறங்கிவிட்டாராம். காலையில் போனபோது அந்த மனுஷன் உயிரோடுதான் இருந்தார். ஆனால் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். மறுநாளே கொட்டை வந்துவிட்டது.

“ஏம்மா, மலைக்குப் போற மனுசங்களக் கொட்டைய வச்சி எண்றாரே, ஆடு மேய்க்கிற கணக்கா” என்று அம்மாவிடம் நான் கேட்டிருக்கிறேன். ஒன்பது வயதிலேயே வாய் அப்படி.

நான் சொல்லப்போவது காலாண்டு லீவு. சீத்தாப்பழம் பழுக்கும் சமயம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் கூடைகூடையாக அந்த வாசனைதான். மலைச் சரிவில் குரங்கு தின்றுவிட்டுப் போட்ட தோல்கள் காய்ந்து கறுத்துக் கிடக்கும். லீவு முழுக்க நைனாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. அலுமினியத் தூக்கில் களி, அதன் மேல் மூடியில் கருவாட்டுக் குழம்பு. அந்தத் தூக்கு இப்போது இல்லை. மூடியை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்ப் பாறை உச்சியில் உட்கார்ந்து நக்கியது. அந்த மூடி இன்னும் அங்கேதான் எங்கேயாவது கிடக்கும். படி ஏறும்போது கல்லின் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். பாலத்துக்கு வந்ததும் பிளவிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று அடிக்கும். வியர்வையின் மேல் அது படும்போது வரும் சுகத்தை எந்த ஏசியிலும் நான் பார்க்கவில்லை.

அந்த லீவில் எனக்கும் தங்கச்சிக்கும் தாயம் பைத்தியம். ஆறு புளியங்கொட்டையை சிமெண்டுத் தரையில் தேய்த்து ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக்கி வைத்திருந்தேன். தேய்த்த கொட்டை சுடும். வறுத்த மாதிரி ஒரு வாசனை வரும். சூட்டோடு தங்கச்சியின் கையில் வைத்து அவளை அலறவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கி, அடி வாங்கும்போதே சிரித்து, அதற்கும் சேர்த்து வாங்குவேன். அந்த ஆறும் எப்போதும் என் கால்சட்டைப் பையில் இருக்கும்.

அன்று நைனா சாப்பிட்டுவிட்டுப் பாறையில் சாய்ந்தார். இரண்டு நிமிஷம் கண்ணை மூடினார். நான் பக்கத்திலிருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கொஞ்சுகிறான் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் என் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அவருடைய இடது பைக்குள் நழுவவிட்டேன்.

சாயங்காலம் இடது பையில் ஒன்று மிஞ்சும், நைனா தலையைச் சொறிவார், நான் கீழ் வாசலில் நின்று “ஏமாந்தியா நைனா” என்று கத்துவேன். திட்டம் அவ்வளவுதான். அவரும் சிரிப்பார். என் ஜோக்குக்கு முதலில் சிரிக்கிற ஆள் அவர்தான்.

ஆனால் கூட்டாளிகளே, நான் அதை மறந்துபோனேன். இறங்கும் வழியில் பசங்கள் ஆனைக்குளத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் குதித்தேன். அப்புறம் சீத்தாப்பழம். அப்புறம் வீடு. உலகத்திலேயே, போட்ட ஜோக்கைப் பாதியில் மறந்துவிட்டு வந்த ஒரே ஜோக்கர் நானாகத்தான் இருப்பேன். அம்மா விளக்கேற்றிவிட்டு வாசலைப் பார்த்தாள்.

“இன்னாடா, உங்க நைனா இன்னும் காணோம்?”

அப்போதுதான் கொட்டை ஞாபகம் வந்தது. ஓட ஆரம்பித்தவன் கோட்டை வாசலில்தான் நின்றேன். அங்கே டிக்கெட் கிழிக்கிற அண்ணன் பீடி பிடித்துக்கொண்டு மலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க நைனா பாதி எறங்கினவரு திரும்ப மேல போயிட்டாருடா. ஒரு ஆளு எறங்கலையாம். கொட்டை ஒண்ணு நிக்குதுன்றாரு. நாலு பேரு லைட்டு எடுத்துனு ஏறிக்கிறாங்க.”

மேலே இருட்டிக்கொண்டு வந்தது. விசில் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நைனாவின் குரல்: “மேல யாராச்சும் இருக்கீங்களா?” பாறையில் மோதி அது இரண்டு முறை கேட்டது. மறுபடியும் விசில். மறுபடியும், “பயப்படாதீங்க, நான் வர்றேன். கொரல் மட்டும் குடுங்க.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். டிக்கெட் அண்ணன் என்னையே பார்த்தார். எனக்கு ஒண்ணுக்கு வந்தது. திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

“குரங்கு ஏதாச்சும் டிக்கெட் எடுத்துனு போயிருக்கும்ணா.”

அண்ணன் பீடிப் புகை மூக்கில் ஏறச் சிரித்தார். “வாயப் பாரு இதுக்கு” என்றார்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டது. பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். இன்றுவரை அந்த நோய் தீரவில்லை. தங்கச்சி கல்யாணத்தில் தாலியைக் காணோம் என்று தேடியபோது வந்தது. என் மகள் பிறந்த அன்று டாக்டர் முகம் சுருங்கியபோது வந்தது. நைனாவைத் தூக்கும்போதும் வந்தது. பாடை கட்டியவரிடம், “ஒரு பக்கம் இறக்கமா கட்டுங்க, அவர் நடை அப்படித்தான்” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். ஊரில் எனக்கு நல்ல பேர்.

அந்த நடை அன்றைக்கு வந்ததுதான். இருட்டில் இறங்கும்போது பாலத்துக்குக் கீழே ஒரு படியில் கால் சறுக்கி, முழங்கால் பிசகி, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார் நைனா. உச்சியில் களஞ்சியம், கோவில், மண்டபம், பீரங்கி மேடை எல்லாவற்றையும் சுற்றிவிட்டாராம். ஒரு ஆளும் இல்லை. வாசலில் நான் நிற்பதைப் பார்த்தார். நான் அழுதுகொண்டு நிற்கவில்லை, இளித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் வலி இருந்தது. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

“சாப்டியா?” என்றார்.

“ம்.”

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

அன்று படுக்கும் முன் கால்சட்டைப் பையைத் துழாவினேன். ஐந்துதான் இருந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது, நான் போட்டது சாதாரணக் கொட்டை இல்லை, ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த என் தாயக் கொட்டை. எந்தத் திருடன் தன் ஆதார் கார்டைத் திருடிய வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான். மீதி ஐந்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டேன். ஐந்தும் தனித்தனியாகச் சத்தம் போட்டன, காட்டிக்கொடுப்பது மாதிரி. காலையில் தங்கச்சி கேட்டபோது குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். அந்த வருஷம் செஞ்சியில் நடந்த எல்லாக் குற்றத்தையும் குரங்குகள்தான் செய்தன.

கால் சரியாகவே இல்லை. இடது கால் மடங்காது. மலை ஏற முடியாதவரை மேலே வைக்க முடியுமா. கீழ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். பாலத்துக்கு வேறு ஆள் வந்தார். அவர் எண்ணவில்லை. நைனா வாசலில் இருந்தபடியே சாயங்காலம் மலையை அண்ணாந்து பார்ப்பார். கை மட்டும் இடது பையைத் தொடும், காலிப் பையை.

நான் அவர் நடையை நடித்துக் காட்டுவேன். தெருவே சிரிக்கும். நைனா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். “அப்படியே இருக்குதுடா” என்பார். அவர் அந்தக் கொட்டையைப் பார்க்கவில்லை, இருட்டில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சில நாள் பார்த்திருப்பாரோ என்று தோன்றும். அந்த நாளெல்லாம் இன்னும் நாலு ஜோக் அதிகமாக வரும். தாயம் மட்டும் அதற்குப் பிறகு நான் விளையாடவே இல்லை.

கடைசி வருஷம் நைனா கட்டிலோடு கிடந்தார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது குனிந்து தரையில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார். வறுத்த வாசனை. புளியங்கொட்டை. பக்கத்தில் சாக்பீஸால் கட்டம் வேறு போட்டிருந்தார், கோணல்மாணலாக.

“ஒரு ஆட்டம் போடலாமாடா?”

“எனக்கு வேலை கெடக்குது நைனா.”

“அஞ்சு தேச்சி வச்சிக்கிறேன். எண்ணிப் பாரு, ஒண்ணு கொறையுது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா. “கோட்டையவே எண்ணி எறக்கின ஆளு, ஆறு வரைக்கும் எண்ண வராம போச்சா?” என்றேன். நைனா சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “மறக்கலடா” என்றார்.

அதற்குப் பிறகும் மூன்று நான்கு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஐந்தைத்தான் எடுத்து வைத்தார். கிழவருக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது என்று டீக்கடையில் போய்ச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். டாக்டரிடம்கூடச் சொன்னேன், ஞாபகம் தப்புகிறது, மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று. அவரும் எழுதிக் கொடுத்தார். நைனா அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இனி இன்றைக்கு வருகிறேன்.

படையல் வைத்தாகிவிட்டது. வாழை இலையில் களி, கருவாட்டுக் குழம்பு, வாழைக்காய், வடை. புது வேட்டி. போட்டோவுக்கு முன்னால் விசில். அதன் பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. வருஷா வருஷம் அம்மா அதை வைப்பாள். கண்ணாடியை அவரோடே அனுப்பிவிட்டோம், வெறும் கூட்டில் என்ன இருக்கும் என்று ஏழு வருஷத்தில் ஒருதரம்கூட எனக்குத் தோன்றவில்லை. கற்பூரம் காட்டினேன். மனைவி காக்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். பாத்ரூமில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒத்திகையில் மூன்று வாக்கியம். எதிரில் உட்கார்ந்ததும் ஒன்றும் இல்லை. வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. முதல்முறையாக அதை விழுங்கினேன். மாத்திரையைவிடக் கசப்பு.

“அம்மா, நைனா கால் போச்சே. மேல யாரும் இல்லம்மா. அந்தக் கொட்டையப் போட்டது நானு.”

அம்மா என்னைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை.

“இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் சொல்றியா” என்றாள். “நைனா அன்னிக்கே சொன்னாரு.”

“இன்னாம்மா சொல்ற?”

“நீ போட்டு எறங்கின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வெரல்ல பட்டுச்சாம். ஒரு பக்கம் தேஞ்ச கொட்டை. பையன் வெளாடுறான், சாயங்காலம் வந்து கத்துவான், நாமளும் ஏமாந்த மாதிரி இருப்போம்னு அத அப்படியே வுட்டுட்டாராம். நீ வரல. பையில அது ஒண்ணுதான் நின்னுச்சி. உன் கொட்டைதானேன்னு பாதி தூரம் எறங்கியும் பாத்தாராம், மனசு கேக்கல.”

“தெரிஞ்சுமா மேல போனாரு?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘அவன் கை வுட்ட பைடி. ஒண்ண போட்டது மட்டும்தானா, போட்டுட்டு ஒண்ண எடுத்தானா? வெளாட்டுப் புள்ள. அத நம்பி மேல ஒரு உசிர வுட்டுட்டு எறங்கச் சொல்றியா’ன்னாரு.”

மாடியில் என் மனைவி கா கா என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

“என்ன ஒரு அடி அடிச்சிருக்கலாமேம்மா. கேட்டிருக்கலாமே.”

“கேக்கறேன்னு எழுந்தேன். வேணாம்னுட்டாரு. ‘கேட்டா அவன் சிரிக்கிறத வுட்டுடுவான். இந்த வூட்ல சிரிக்க வைக்கிறது அவன் ஒருத்தன்தான்’னாரு. நீயா வந்து சொல்லுவன்னு பாத்துனே இருந்தாரு.”

கூட்டாளிகளே, நைனா வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்கில்தான் தப்பு செய்தார். அவர் காப்பாற்றி வைத்தது என் சிரிப்பை இல்லை. அன்றைக்கு வாசலில் நின்று இளித்தேனே, அதை. ஒரு அறை விட்டிருந்தால் அழுதிருப்பேன். அழுது முடித்துவிட்டு ஒழுங்காகச் சிரித்திருப்பேன்.

அம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஐந்து கொட்டைகள் வெள்ளை வெளேரென்று. ஆறாவதின் வெள்ளை, வெற்றிலை போட்ட பல் மாதிரி பழுத்திருந்தது. பத்து வயதில் நான் தேய்த்தது. ஒரு ஓரம் சரியாகத் தேயவில்லை என்று தங்கச்சி சண்டை போடுவாள், அந்த ஓரம் அப்படியே இருந்தது.

“அஞ்சுதான் தேச்சாரு” என்றாள் அம்மா. “ஆறாவது எங்கன்னு நீ கேட்டா எடுத்துக் குடுக்கலாம்னு தலகாணிக்கு அடியிலயே வச்சினு இருந்தாரு.”

நான் கேட்கவில்லை. ஆறு வரைக்கும் எண்ண வராமல் போயிற்றா என்றுதான் கேட்டேன்.

சாக்பீஸ் எடுத்துத் தரையில் கட்டம் போட்டேன். எனக்கும் கோணல்மாணலாகத்தான் வந்தது. அம்மா எதிரில் நகர்ந்து உட்கார்ந்தாள். ஆறையும் குலுக்கி உருட்டினேன். என்ன விழுந்தது என்று பார்க்கக் கண் தெளிவாக இல்லை. “நீ ஏண்டா அழுவற, நல்லாத்தான் வுழுந்துக்குது” என்று அம்மா என் காயையும் சேர்த்து அவளே நகர்த்தினாள். மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி ஒன்றும் கேட்காமல் பிரஷர் மெஷினை எடுத்து உள்ளே வைத்தாள்.

இப்போது கோட்டை வாசல் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று கிளம்பி நிற்கிறேன். ஐந்தைக் கூட்டிலேயே வைத்துவிட்டேன். பழைய கொட்டையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்துச் சட்டைகளைப் பார்த்திருப்பீர்கள், ஒரே ஒரு பைதான், அதுவும் இடது பக்கம். வலது பக்கம் தைப்பதில்லை.

நைனா கணக்குப்படி, ஒரு ஆள் மேலே போயிருக்கிறார். இன்னும் இறங்கவில்லை.